டெலிஹேண்ட்லர்: பணிக்களத்திலும் சாலையிலும் பாதுகாப்பு

டெலிஹேண்ட்லர் என்பது நீண்டு சுருங்கும் ஒற்றைக் கையால் சுமையை மேலேயும் முன்னேயும் கொண்டுசேர்க்கும் நான்கு சக்கர இயந்திரம். அந்தக் கைக்கு பூம் என்று பெயர். அதன் நுனியில் ஃபோர்க் மாட்டினால் ஃபோர்க்லிஃப்ட்டாகவும், பக்கெட் மாட்டினால் லோடராகவும், கொக்கி மாட்டினால் சிறு கிரேனாகவும் வேலை செய்யும். சாதாரண ஃபோர்க்லிஃப்ட் சிமெண்ட் தளத்தில் மட்டுமே ஓடும். செங்குத்தாக மட்டுமே தூக்கும். டெலிஹேண்ட்லர் கரடுமுரடான மண்ணில் ஏறி இறங்கும். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அந்தப் பக்கத்துச் சுவரின் மேல் செங்கல்லை இறக்கி வைக்கும். பிரிட்டனின் ஜேசிபி நிறுவனம் 1977-இல் லோடால் என்ற பெயரில் இவ்வகை இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கட்டுமானத்திலும் வேளாண்மையிலும் அது பரவியது அதன் பிறகே. இந்தியாவில் அந்நிறுவனம் புனேயிலும், பிரான்சின் மேனிட்டூ நிறுவனம் கிரேட்டர் நொய்டாவிலும் ஆலை வைத்துள்ளன.

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்திலுள்ள செட்டிகுளம், கரும்பேந்திய முருகன் குன்றுக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பெயர்பெற்ற ஊர். இங்கு தெருவுக்குத் தெரு தெரிந்த கட்டுமான இயந்திரம் பேக்ஹோ லோடர்தான். அதை ஜேசிபி என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். கனமான பொருளைத் தூக்க வேண்டுமென்றால் ஹைட்ரா என்னும் கிரேன் வரும். டெலிஹேண்ட்லர் இன்னும் பழக்கமில்லாத இயந்திரம். ஆனால் அதற்கான வேலை இந்த வட்டாரத்தில் நிறையவே இருக்கிறது. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை, எறையூரில் சர்க்கரை ஆலையும் சிப்காட் தொழிற்பூங்காவும், கிழக்கே அரியலூரில் அரசின் டான்செம் தொடங்கி வரிசையாகச் சிமெண்ட் ஆலைகள். ஆலைக் கூரை வேய்வதற்கும், முன்வார்ப்புக் கான்கிரீட் துண்டுகளை அடுக்குவதற்கும், பருத்திப் பொதியை லாரியில் ஏற்றுவதற்கும் இது ஏற்ற இயந்திரம். வேலைக்கு வரும்போது இதன் இருக்கையில் அமரப்போகிறவர் பெரும்பாலும் ஜேசிபி ஓட்டிப் பழகியவராகத்தான் இருப்பார். அவருடைய கைப்பழக்கத்தில் பாதி இதற்கு உதவும். மறுபாதி ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

சுமையும் முன்தொலைவும்

இந்த இயந்திரம் கவிழ்வதற்கான காரணம் பெரும்பாலும் பூம் எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்பதில் இருக்கிறது. தூக்கிய பொருளின் எடை மட்டும் அதைச் சொல்லாது. முன் அச்சுதான் தாங்குபுள்ளி. அதற்குப் பின்னால் இயந்திரத்தின் சொந்த எடை, முன்னால் சுமை. சந்தையில் முன்பு புளியும் மஞ்சளும் நிறுத்த வெள்ளிக்கோலில் ஒரே எடை கோலின் மேல் தள்ளிப் போகப் போக அதன் பலம் கூடுவதைப் போலத்தான் இங்கும். முன்சக்கரத்திலிருந்து 1.5 மீட்டரில் இருக்கும் 1 டன் சுமை, பூம் நீண்டு 6 மீட்டருக்குப் போனால் நான்கு மடங்கு பலத்தோடு இயந்திரத்தை முன்னோக்கிச் சாய்க்கும். சுமை ஒரு கிலோகூடக் கூடவில்லை.

விற்பனைத் தாளில் பெரிதாகப் போட்டிருக்கும் எடை, பூம் முழுக்கச் சுருங்கி இயந்திரத்தை ஒட்டி இருக்கும் நிலைக்கு உரியது. ஜேசிபியின் 530-70 என்ற மாதிரி எண்ணில் 30 என்பது 3 டன்னையும், 70 என்பது 7 மீட்டர் உயரத்தையும் குறிக்கும். 3 டன்னை 7 மீட்டர் தொலைவுக்கு நீட்டலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. 4 டன் தூக்கி 17 மீட்டர் உயரும் பெரிய வகைகள்கூட, பூமைக் கிடையாக முழுக்க நீட்டிய நிலையில் முக்கால் டன்னுக்கும் குறைவாகவே தாங்கும். எந்த உயரத்தில், எந்த முன்தொலைவில் எவ்வளவு தூக்கலாம் என்பதைக் கட்டம் கட்டமாகக் காட்டும் படமே லோடு சார்ட். அது கேபினுக்குள் ஓட்டுநரின் கண்ணுக்கு எதிரே ஒட்டப்பட்டிருக்கும். ஸ்டெபிலைசர் என்னும் முன்கால்களை இறக்கிய நிலைக்கு ஒரு படம், இறக்காத நிலைக்கு வேறொரு படம். பக்கெட், கொக்கி, ஆள் நிற்கும் மேடை என ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனிப் படம் உண்டு. படத்தில் உள்ள எண்களுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: சுமையின் நடுப்புள்ளி ஃபோர்க்கின் முதுகுத் தட்டிலிருந்து 500 அல்லது 600 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். ஆழமான பெட்டியோ, நுனியில் மட்டும் எடை குவிந்த பொருளோ ஏறினால் அந்த எண் செல்லாது.

ஆகவே சுமையின் எடை தெரியாமல் லோடு சார்ட்டைப் பார்ப்பதில் பயனில்லை. 50 கிலோ சிமெண்ட் மூட்டை 40 சேர்ந்தால் 2 டன். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று கிட்டத்தட்ட 10.7 கிலோ. இந்தக் கணக்கு மேஸ்திரிக்கு மனப்பாடம். அதை ஓட்டுநரிடம் சொல்லிவிட்டுத் தூக்கச் சொல்வதுதான் பல இடங்களில் நடப்பதில்லை.

பழகிய ஜேசிபி ஓட்டுநரைக் கவிழ்க்கும் பிழை ஒன்று உண்டு. சுமை உயரத்தில் இருக்கிறது, பூம் நீண்டிருக்கிறது. ஏதோ பயம் தட்டுகிறது. உடனே கீழே இறக்குகிறார். இறங்குவதே பாதுகாப்பு என்று உடம்பு பழகியிருக்கிறது. ஆனால் நீண்ட பூம் செங்குத்திலிருந்து கிடைநிலைக்கு வரும்போது சுமை இயந்திரத்தை விட்டு இன்னும் விலகிப் போகிறது. உயரத்தில் 2 மீட்டர் முன்னால் இருந்தது, பாதி இறங்குவதற்குள் 5 மீட்டர் முன்னால் இருக்கும். பின்சக்கரம் தரையை விட்டு எழும். முதலில் பூமைச் சுருக்க வேண்டும்; பிறகுதான் இறக்க வேண்டும். இந்த ஒரு வரிசையை ஓட்டுநரின் கைக்குள் பதிய வைப்பதே டெலிஹேண்ட்லர் பயிற்சியின் பெரும்பகுதி என்று சொல்வேன்.

புதிய இயந்திரங்களில் இதற்குக் காவல் இருக்கிறது. பின் அச்சின் மேல் எடை குறைவதை உணர்ந்து பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளாகக் காட்டும் கருவியும், எல்லை நெருங்கினால் பூமை நீட்டவும் இறக்கவும் விடாமல் பூட்டிச் சுருக்க மட்டும் அனுமதிக்கும் கட்டுப்பாடும் ஐரோப்பாவின் இஎன் 15000 தரவிதியில் 2008-இலேயே இடம்பெற்றன. இந்தக் கருவி முன்பக்கக் கவிழ்வை மட்டுமே கவனிக்கிறது. இயந்திரம் பக்கவாட்டில் சரிவதை அது அறியாது. மேலும் பழுது நேரத்துக்கென வைத்த விலக்குச் சாவியை வேலை சீக்கிரம் முடியட்டும் என்று திருப்பி வைப்பது உயிரோடு விளையாடுவது. சாவி ஓட்டுநரிடம் இருக்கவே கூடாது. களப் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும்.

தரை

பக்கவாட்டுக் கவிழ்வின் விதை தரையில் இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பரவலாக இருப்பது கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கல்போல் இறுகிக் கிடக்கும் அதே மண், ஐப்பசி மழையில் நீரைக் குடித்து உப்பிக் குழைந்துவிடும். காலையில் இயந்திரத்தைத் தாங்கிய இடம் மாலை மழைக்குப் பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் உள்வாங்கிக்கொள்ளும். தரையில் ஒரு சக்கரம் சில அங்குலம் இறங்கினால், பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும் சுமை ஓரிரு அடி பக்கவாட்டில் நகர்ந்துவிடும். பூம் உயர்ந்திருக்கும்போது இயந்திரத்தின் அகலம் அதைக் காப்பாற்றப் போதாது. ஆகவே கேபினில் உள்ள மட்டக் குமிழியைப் பார்த்து, பூம் தாழ்ந்திருக்கும்போதே இயந்திரத்தை மட்டமாக்கிவிட வேண்டும். மேலே போன பிறகு சரிசெய்யப் பார்ப்பது காலம் கடந்த வேலை. கரிசலில் ஸ்டெபிலைசரின் பாதத்துக்குக் கீழே அகலமான மரக்கட்டையோ இரும்புத் தகடோ போடாமல் நிற்பது வெறும் நம்பிக்கை. சக்கரக் காற்றும் இதில் சேர்ந்தது. ஒரு டயரில் காற்று குறைந்தால் இயந்திரமே சாய்ந்து நிற்கும்; தினமும் காலையில் பார்க்க வேண்டியவற்றில் இதுதான் முதலாவது.

இப்பகுதியின் பாசனக் கிணறுகள் தனி எச்சரிக்கைக்கு உரியவை. அகன்று ஆழமான திறந்த கிணறுகள் பல, கைப்பிடிச் சுவர் இல்லாமல் வயலோரத்திலும் வண்டிப்பாதையோரத்திலும் இருக்கின்றன. விளிம்பு மண்ணுக்கு ஒரு சுமையேறிய இயந்திரத்தைத் தாங்கும் பலம் இல்லை. அடித்தளக் குழி எத்தனை ஆழமோ, குறைந்தது அத்தனை தூரம் விலகி நிற்பது கட்டுமான வழக்கம். கிணற்றுக்கு அந்தக் கணக்கே போதாது. முதல் நாளே கயிறு கட்டி, அப்பகுதிக்குள் இயந்திரம் போகாதபடி அடைத்துவிடுவதே சரி.

சரிவில் சுமையோடு போகும்போது சுமை மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். அதாவது ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது பின்னோக்கி. சரிவின் குறுக்கே திரும்பக் கூடாது. நகரும்போது பூம் முழுக்கச் சுருங்கி, சுமை தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஃபோர்க் சற்றுப் பின்சாய்ந்து இருக்க வேண்டும். உயர்த்திய சுமையோடு நகர்வது, அதுவும் திரும்புவது, பக்கவாட்டுக் கவிழ்வுக்கு நேர்வழி.

காற்றையும் இங்கே சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று பெரம்பலூர்ச் சமவெளியை உலுக்கும் மாதங்களில் கூரைத் தகடுகளை உயரத்துக்குத் தூக்குவது ஆபத்து. தகட்டின் எடை சொற்பம். அதன் பரப்பு காற்றை வாங்கிக்கொண்டு பூமைத் தள்ளும். கொக்கியில் தொங்கும் சுமைக்கும் இதுவே பொருந்தும். ஆட்டத்தை அடக்கக் கயிறு கட்டி, அதைப் பிடிப்பவர் சுமைக்குக் கீழே வராமல் தள்ளி நடக்க வேண்டும். இயந்திரம் அவருடைய நடைவேகத்தைத் தாண்டக் கூடாது.

மேலே மின்கம்பி

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள்படி, தெருவைக் குறுக்கே கடக்கும் உயர் அழுத்தக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தெருவை ஒட்டிச் செல்வது 5.8 மீட்டர். தெரு இல்லாத வயல்வெளியில் 11 கிலோவோல்ட் வரையிலான உறையில்லாத கம்பிக்கு 4.6 மீட்டர் போதும். விதியை முழுமையாகக் கடைப்பிடித்துப் போட்ட கம்பியே, 7 மீட்டர் வகை டெலிஹேண்ட்லரின் கை எட்டும் உயரத்துக்கும் கீழேயே இருக்கிறது. வயல் நடுவே மனை போட்டுக் கட்டுகிற இன்றைய வழக்கத்தில் இந்த எண்களை எல்லா ஓட்டுநரும் அறிந்திருக்க வேண்டும்.

உயரமான ஒரு பொருள் கம்பியைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு கண்ணீரோடு அறியும். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசியதில் 11 பேர் இறந்தார்கள். பூம் இரும்பு. சுமை கம்பியைத் தொடவே தேவையில்லை. போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் தாவும். அமெரிக்க விதிகளில் 50 கிலோவோல்ட் வரை பத்தடி இடைவெளி கட்டாயம். பத்தடி என்பதைக் கேபினிலிருந்து கண்ணால் அளக்க யாராலும் முடியாது. கம்பிக்கும் பூமுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கீழே நின்று பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டும். அதைவிட நல்லது, மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் செய்வது.

தொட்டுவிட்டால் ஓட்டுநர் கேபினிலேயே இருக்க வேண்டும். யாரும் இயந்திரத்தை நெருங்கக் கூடாது. சுற்றியுள்ள மண்ணிலும் மின்சாரம் பரவியிருக்கும். மின்சாரம் நின்றது என்று மின்வாரிய ஊழியர் சொல்லும் வரை இறங்கக் கூடாது. தீப்பிடித்துத் தப்பியே ஆக வேண்டும் என்றால், இயந்திரத்தையும் தரையையும் ஒருசேரத் தொடாமல் வெளியே குதித்து, கால்கள் இரண்டும் சேர்ந்தபடி சிறுசிறு தத்தலாக விலக வேண்டும்.

ஆட்கள்

ஃபோர்க்கின் மேலோ, அதில் வைத்த பலகையின் மேலோ ஆளை ஏற்றித் தூக்குவதற்கு எந்த நியாயமும் கிடையாது. சாரம் கட்ட நேரமில்லை, ஒரே ஒரு போல்ட்தான் என்று சொல்லி ஏற்றப்படுகிறவர் பெரும்பாலும் அன்றாடக் கூலிக்கு வந்தவர். மறுத்துப் பேசும் நிலையில் அவர் இருப்பதில்லை. அவருக்காக மறுக்க வேண்டியவர் ஓட்டுநர். ஆளை உயர்த்த வேண்டுமானால் அதற்கென்றே செய்யப்பட்டு, இயந்திரக் கட்டுப்பாட்டோடு இணைந்த தடுப்புள்ள மேடையை மாட்ட வேண்டும். உள்ளே நிற்பவர் பாதுகாப்பு வாரை அதில் பூட்டியிருக்க வேண்டும்.

தூக்கிய பூமுக்குக் கீழே யாரும் நடக்கக் கூடாது. சிக்னல் கொடுப்பவர் ஒருவர் மட்டுமே. இரண்டு பேர் கையசைத்தால் ஓட்டுநர் நிறுத்திவிட வேண்டும். நில் என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் ஏற்க வேண்டும். சித்தாள்கள் செங்கல் அடுக்கும் இடமும் இயந்திரம் திரும்பும் இடமும் ஒன்றாக இருப்பதே நம் களங்களின் பெரிய குறை. நான்கு சக்கரமும் திரும்பும் இயந்திரம் இது. அதன் பின்பகுதி, ஓட்டுநர் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கவாட்டில் வீசித் திரும்பும்.

இயந்திரம் சாயத் தொடங்கினால் குதிக்கத் தோன்றும். குதித்தவர் மேல்தான் கேபின் விழும். கேபினின் சட்டகம் கவிழ்வைத் தாங்கக் கட்டப்பட்டது. சீட் பெல்ட் போட்டு உள்ளேயே இருப்பவருக்கே அது காவல். பழுது பார்க்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். உயர்த்திய பூமுக்குக் கீழே கை வைக்கும் முன் அதற்குரிய முட்டுத் தண்டைப் பொருத்த வேண்டும். ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளை வழியே பீய்ச்சும் எண்ணெய் தோலுக்குள் புகுந்தால் வெளியில் சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகத் தொடங்கும். வலி இல்லையென்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாலையில்

டெலிஹேண்ட்லரின் கேபின் இடப்பக்கம் இருக்கும். பூம் அதன் வலப்பக்கமாகச் செல்லும். பல மாதிரிகளில் எஞ்சினும் வலப்பக்கத்திலேயே. இந்தியாவில் நாம் சாலையின் இடப்பக்கமாகச் செல்கிறோம். ஆகவே ஓட்டுநர் சாலையோரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். நம்மை முந்திச் செல்லும் வண்டிகள் வரும் வலப்பக்கம் முழுவதையும் இரும்பு மறைக்கிறது. லாரி ஓட்டி வந்தவருக்கு இது முற்றிலும் தலைகீழ். வலப்பக்கக் கண்ணாடியும் கேமராவும் இருந்தாலும், பூம் சற்று உயர்ந்தாலே அவற்றின் பார்வை மாறிவிடும். ஆலத்தூர் கேட் போன்ற சந்திப்பில் வலப்பக்கம் திரும்புவதுதான் இந்த இயந்திரத்துக்கு மிக ஆபத்தான நொடி. அங்கே ஓர் ஆள் இறங்கி நின்று கொடி காட்டாமல் திரும்பக் கூடாது.

களத்தை விட்டு வெளியே வரும் முன் சக்கரங்களை நேராக்கி, முன்சக்கரம் மட்டும் திரும்பும் முறைக்கு மாற்ற வேண்டும். நான்கு சக்கரத் திருப்பத்தில் வேகமாகப் போனால் சிறு அசைவுக்கே இயந்திரம் துள்ளும். பூம் முழுக்கச் சுருங்கித் தாழ்ந்திருக்க வேண்டும். ஃபோர்க்கைக் கழற்றிவிட வேண்டும் அல்லது மடக்க வேண்டும். எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரரின் நெஞ்சு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புப் பற்களை இருட்டில் யாராலும் பார்க்க முடியாது. ஜாய்ஸ்டிக்கைப் பூட்டிவிட வேண்டும். சுழல் விளக்கு எரிய வேண்டும். படியில் யாரும் தொற்றிக்கொண்டு வரக் கூடாது. பொதுச்சாலையில் சுமையோடு போவது கூடாது. 12 மீட்டர் கம்பிக் கட்டை நடுவில் தூக்கினால் இருபக்கமும் 6 மீட்டர் வீதம் சாலையை அடைக்கும்.

இந்த இயந்திரங்களின் வேகம் பெரும்பாலும் மணிக்கு 30, 40 கிலோமீட்டருக்குள் அடங்கும். திருச்சி, பெரம்பலூர் வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 38-இல் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் அதைப் போல் இருமடங்கு வேகத்தில் வருகின்றன. அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் லாரிகளின் இடைவிடாத ஓட்டம். அடுத்த களம் சில கிலோமீட்டருக்கு மேல் என்றால் தாழ்தள டிரெய்லரில் ஏற்றிச் சங்கிலியால் கட்டிக் கொண்டுபோவதே அறிவுடைமை. டீசலும் டயரும்கூட மிஞ்சும். செட்டிகுளத்தில் பங்குனி உத்திரக் கூட்ட நாட்களிலும், வெங்காய லாரிகள் நெருக்கியடிக்கும் அறுவடைக் காலத்திலும் கடைத்தெரு வழியாக இதை ஓட்டவே கூடாது. இருட்டிய பிறகும் அப்படியே.

சட்டமும் பயிற்சியும்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, ஃபோர்க்லிஃப்ட்டையும் உள்ளடக்கிக் கட்டுமான இயந்திர வாகனம் என்ற வகையை வரையறுக்கின்றன. களத்துக்கு வெளியே சாலையில் ஓடுவது அதன் முதன்மை வேலைக்குத் துணையானது மட்டுமே. குறுகிய நேரமே ஓடலாம். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இவ்வகையில் வரும் இயந்திரம் பொதுச்சாலையில் கால் வைத்தால் பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் மூன்றும் தேவை. ஆலை வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென அமைந்த, சாலையில் செல்லும் வசதியில்லாத இயந்திரங்களுக்கு இந்தப் பதிவு பொருந்தாது. அதனாலேயே அவற்றைச் சாலையைக் கடந்து அடுத்த வளாகத்துக்கு ஓட்டிச் செல்வதும் குற்றமாகிறது. வெற்று எடை 7,500 கிலோவைத் தாண்டும் இயந்திரத்துக்கு இலகு ரக வாகன உரிமம் போதாது.

களப் பாதுகாப்பைக் கட்டடம் மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996-உம், அதன்கீழ் தமிழ்நாடு 2006-இல் கொண்டுவந்த விதிகளும் வகுத்தன. ஆலைக்குள் தொழிற்சாலைகள் சட்டம் 1948 இருந்தது. தூக்கு இயந்திரங்களைத் தகுதிபெற்றவர் 12 மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது அதன் 29-ஆம் பிரிவு. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இவற்றையும் சேர்த்து 13 சட்டங்களை ஒன்றாக்கியது.

ஓட்டுநர் உரிமம் சாலைக்கு மட்டுமே சான்று. லோடு சார்ட் வாசிக்கத் தெரியுமா என்று அதில் யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் டெலிஹேண்ட்லருக்கென்று தனித் தேர்வும் அட்டையும் இருக்கின்றன. அட்டையில்லாதவரைப் பெரிய களங்கள் உள்ளே விடுவதில்லை. இந்தியாவில் உள்கட்டமைப்பு இயந்திரத் திறன் குழு இயந்திர ஓட்டுநர்களுக்குப் பயிற்சித் தரங்களை வகுத்துச் சான்றளிக்கிறது. காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நிறுவனம் கட்டுமானத் தொழில்களுக்கான பயிற்சி நிலையம் நடத்துகிறது. இயந்திரத்தை வாடகைக்கு விடுபவர்கள் பயிற்சி பெற்ற ஓட்டுநரையும், தமிழில் அச்சிட்ட லோடு சார்ட்டையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது ஒரு கட்டடக்காரர் இன்றே செய்யக்கூடியது. அதற்கு எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை.